தூக்கிய கையின் உயரம்

படிவத்தில் மூன்று கேள்விகள்தான் முக்கியம். உயரம், எடை, தரம். முதல் இரண்டுக்கும் உண்மையைச் சொன்னேன். மூன்றாவதில் பொய் சொன்னேன்.

ஓஸ்லோவில் எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். மலையடிவாரத்தில் ஸ்கீக்களை வாடகைக்குத் தரும் கடை. தரம் என்ற இடத்தில் 1, 2, 3 என்று கட்டங்கள். 1 என்றால் பயந்து பயந்து சறுக்குபவர். 3 என்றால் செங்குத்துச் சரிவில் வேகமாக இறங்குபவர். நடுவில் இருப்பவருக்கு 2. நான் அதுவரை சறுக்கியது மொத்தமே நான்கு நாள், அதிலும் பாதி நேரம் உட்கார்ந்தபடி. ஆனால் வரிசையில் எனக்குப் பின்னால் ஆபீஸ் நண்பர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். 2-ல் டிக் அடித்தேன். கவுண்டரில் இருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 158 செ.மீ. நீளமுள்ள ஜோடியைக் கொண்டுவந்து என் முன் நிறுத்தினான். மூக்கு வரைக்கும் வந்தது. பக்கத்தில் நின்றவன் கையில் 180. எனக்கு என்னமோ சின்னப் பிள்ளைகளின் சைக்கிளைக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. "இதைவிட நீளமா இருக்கா?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் 172 எடுத்துத் தந்தான். என் உயரமும் 172-தான்.

அந்த 2 என்ற எண் இன்னொரு வேலையும் செய்யும் என்பது எனக்குத் தெரியாது. பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைத்திருக்கும் கவ்வி, எவ்வளவு முறுக்கினால் காலை விட்டுவிட வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், கூடவே இந்தத் தரம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் திருகி வைக்கிறார்கள். தரம் கூடினால் கவ்வி இறுகும். வேகமாகப் போகிறவனுக்கு நடுவழியில் கழன்றுவிடக் கூடாதே என்பதற்காக. மதியம் மூன்று மணி வாக்கில், குழந்தைகள்கூட விழாத ஓர் இடத்தில், மெதுவாக, கிட்டத்தட்ட நின்ற நிலையில் விழுந்தேன். நீண்ட கட்டையின் முனை பனியில் மாட்டி ஒரு பக்கம் போக, உடம்பு இன்னொரு பக்கம் திரும்பியது. கவ்வி விடவில்லை. முழங்காலுக்குள் ஈரத்துணி கிழிவது மாதிரி ஒரு சத்தம்.

ஜவ்வு பாதி கிழிந்திருந்தது. ஆறு வாரம் முழங்காலில் பட்டை. எங்கள் குடியிருப்பில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார், முப்பது வருடத்துக்கு மேல் நார்வேயில். அவர் பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு சறுக்கப் பழகியவர்கள். பார்க்க வந்தவர் முழங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, கடைக்காரனுக்குப் பொய் சொல்லலாம். முழங்காலுக்குச் சொல்லேலாது" என்றார்.

அந்த ஆறு வாரத்தில் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான். நீளமான கட்டை என்றால் பெரிய ஆள் என்று எனக்கு யார் சொன்னது? நான் வளர்ந்த ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்மேல் இருப்பது. ஸ்கீயைப் பற்றிய எந்தப் பெருமிதமும் எனக்கு வீட்டிலிருந்து வந்திருக்க வழியில்லை. ஆனாலும் நான்கே நாளில் அது எனக்குள் ஏறிவிட்டது. எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். வாசிக்க ஆரம்பித்தேன். நடக்க முடிந்ததும் ஹோல்மென்கொல்லன் மலையில் இருக்கும் ஸ்கீ அருங்காட்சியகத்துக்கு நொண்டிக்கொண்டே போனேன். 1923-ல் தொடங்கியது, உலகிலேயே பழைய ஸ்கீ அருங்காட்சியகம் அதுதான்.

நீளமும் அகலமும் தொடக்கத்தில் ஆளைப் பார்த்துத் தீர்மானிக்கப்படவில்லை, பனியைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டன என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் ஆச்சரியம். வடக்கு ஸ்வீடனில் கால்வ்டிரெஸ்க் என்ற இடத்தில், 1924-ல் சதுப்பு நிலத்திலிருந்து ஒரு ஜோடி ஸ்கீ கிடைத்தது. வயது சுமார் 5,200 ஆண்டுகள். நீளம் 204 செ.மீ., அகலம் 15.5 செ.மீ. கூடவே ஒரு தடி, அதன் ஒரு முனை பனியை அள்ளும் கரண்டி போல. நார்வேயின் டிகர்வார்டன் பனித்திட்டில் 2014-ல் ஓர் ஒற்றை ஸ்கீ வெளியே தலைகாட்டியது. அதன் ஜோடிக்காகத் தொல்லியலாளர்கள் ஏழு வருடம் காத்திருந்தார்கள். 2021-ல், பக்கத்திலேயே பனி உருகி, இரண்டாவதும் வந்தது. 1,300 ஆண்டுப் பழசு. 187 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம். பிர்ச் மரக் கிளையை முறுக்கிச் செய்த கட்டும் தோல் வாரும் அதிலேயே இருந்தன. பழுது பார்த்த தடங்களும் இருந்தன. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இல்லை. வேலைக்குப் போகும் ஒருவன் தேயத் தேயச் சரிசெய்து ஓட்டிய ஜோடி அது.

17 செ.மீ. என்ற அகலத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

பனியில் நிற்பது சேற்றில் பலகை போட்டு நிற்பது போலத்தான். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும், ஆள் அமிழ மாட்டான். காட்டுக்குள் புதுப்பனி இடுப்பளவு கிடக்கும். அங்கே மான் விரட்டிப் போகிறவனுக்குப் பரப்பு வேண்டும், அதனால் அகலம். திறந்தவெளியில், இறுகிய பனியில், நெடுந்தூரம் வழுக்கிப் போகிறவனுக்கு நேர்கோடு வேண்டும், அதனால் நீளம். இரண்டும் வேண்டுமென்றால்? ஸ்காண்டிநேவியர்கள் கண்டுபிடித்த வழிதான் அருங்காட்சியகத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது. ஒரு காலுக்கு நீளம், ஒரு காலுக்குக் குட்டை. இடது காலில் மூன்று மீட்டரளவு நீண்ட வழுக்கும் கட்டை, வலது காலில் அடியில் தோல் ஒட்டிய குட்டைக் கட்டை. குட்டைக் காலால் உந்து, நெட்டைக் காலில் வழுக்கு. தோலின் மயிர் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. இன்றைய பிள்ளைகள் ஓட்டும் ஸ்கூட்டரின் அதே தத்துவம். 1555-ல் ஸ்வீடனின் ஓலாவுஸ் மாக்னுஸ் வடநாட்டு மக்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில், ஒரு கட்டை மற்றதைவிட ஓர் அடி நீளமாக இருக்கும் என்று குறித்துவைத்தார். 18-ஆம் நூற்றாண்டில் நார்வேயின் ஸ்கீப் படை வீரர்களும் இப்படி நெட்டையும் குட்டையுமாகத்தான் அணிந்தார்கள். சில பள்ளத்தாக்குகளில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இது புழக்கத்தில் இருந்தது. 'உங்களுக்கு எத்தனை நீளம்?' என்று அவர்களிடம் கேட்டால் 'எந்தக் காலுக்கு?' என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

அளவை ஆளின் உடம்போடு கட்டியது பிறகு வந்த விதி. கையை மேலே தூக்கு, மணிக்கட்டுக்கோ உள்ளங்கைக்கோ எந்த ஸ்கீ எட்டுகிறதோ அது உன்னுடையது. தலைமுறை தலைமுறையாக ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்த ஒற்றை விதியை வைத்துத்தான் கட்டை வாங்கின. என் கணக்குக்கு அது 210 செ.மீ. வாக்கில் வரும். இதில் எடைக்கு இடமில்லை. 55 கிலோ ஆளும் 95 கிலோ ஆளும் ஒரே உயரம் என்றால் ஒரே கட்டை. முதல் நாள் வந்தவனும் முப்பது வருடம் சறுக்கியவனும் ஒரே உயரம் என்றால் அதே கட்டை. விதியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மரக்கட்டை நீளமாக இருந்தால் வேகத்தில் உதறாது, குழிகளைப் பாலம் போலக் கடக்கும். ஆனால் அது ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவனுக்கான நியாயம்.

அந்த நீளத்தை அறுத்தவர்களின் கதைதான் இனி.

முதல் ஆள் உண்மையில் நீளத்தில் கை வைக்கவில்லை, இடுப்பில் கை வைத்தார். நார்வேயின் டெலிமார்க் பகுதியில், மோர்கெடால் என்ற ஊரில், 1825-ல் பிறந்த சோன்ட்ரே நூர்ஹெய்ம். சொந்த நிலமில்லாத குடியானவர், தச்சு வேலை தெரிந்தவர். கட்டையின் இரு முனையும் அகன்று நடுவில் இடுப்பு ஒடுங்கும்படி செதுக்கினார். நம் உடுக்கையை இழுத்து நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. குதிகாலைச் சுற்றி முறுக்கிய கிளையால் ஒரு கட்டும் போட்டார். கட்டை காலோடு ஒட்டிக்கொண்டது, சொன்ன பக்கம் திரும்பியது. 1868-ல், 42 வயதில், இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவுக்கு வந்து போட்டியில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்தார். புகழ் வந்தது, பணம் வரவில்லை. 1884-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறி, கடைசியில் வடக்கு டகோட்டாவின் சமவெளியில் போய்ச் சேர்ந்தார். மேடு பள்ளமே இல்லாத ஊர். ஆனாலும் வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஸ்கீயைச் சாத்தி வைத்திருப்பார் என்று சொல்வார்கள். 1897-ல் அங்கேயே இறந்தார்.

இரண்டாவது ஆள் ஆஸ்திரியர், மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி. ஆசிரியராகவும் ஓவியராகவும் இருந்துவிட்டு லிலியன்ஃபெல்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் தனியே குடியேறியவர். 1888-ல் நான்சன் ஸ்கீயிலேயே கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் ஐரோப்பா முழுக்க ஒரு கிறுக்கைப் பரப்பியது. ஸ்டார்ஸ்கியும் படித்தார், நார்வேயிலிருந்து ஒரு ஜோடியை வரவழைத்தார். வந்தது கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளம். அவர் வீட்டைச் சுற்றி இருந்ததோ ஆல்ப்ஸின் செங்குத்து. நார்வேயின் அகன்ற மேடுகளில் நேர்கோட்டில் ஓடுவதற்குச் செய்த கட்டை அங்கே மரத்தில் போய் மோதத்தான் உதவும். சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. அடுத்தவன் எப்படிச் செய்கிறான் என்று பார்த்திராததால், எதைச் செய்யக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியாது. கட்டையை அறுத்தார். 180 செ.மீ. வாக்கில் வந்து நின்றார். நேராக ஓட உதவும் அடிப்பள்ளத்தையும் எடுத்துவிட்டார். காலை இறுக்கிப் பிடிக்கும் உலோகக் கட்டு செய்தார். ஒற்றைத் தடியோடு சரிவில் இடமும் வலமுமாக வளைந்து இறங்கினார். 1890களில் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

நார்வே பாணிக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. வளைந்து வளைந்து இறங்குவது கோழைத்தனம், நேராக இறங்குவதே ஆண்மை. இந்தச் சண்டை பத்திரிகைகளில் பல வருடம் நடந்தது. ஸ்டார்ஸ்கியும் லேசுப்பட்டவர் இல்லை, தன்னுடையது ஒன்றுதான் சரியான முறை என்று கடைசிவரை மல்லுக்கு நின்றவர். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார் என்பதை அவருடைய எதிரிகளாலும் மறுக்க முடியவில்லை. முதல் உலகப்போரில், 1916-ல், பனிச்சரிவில் புதைந்து உடம்பில் எண்பது இடங்களில் எலும்பு முறிந்ததாகச் சொல்கிறார்கள். பிழைத்து, தானே பயிற்சி கண்டுபிடித்து, மறுபடியும் சறுக்கினார். 1940 வரை இருந்தார். என் அரை ஜவ்வை அவரோடு ஒப்பிட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நடுவில் 1926-ல் சால்ஸ்பர்க்கின் ருடால்ஃப் லெட்னர் கட்டையின் ஓரத்தில் எஃகு விளிம்பு பதித்தார். இறுகிய பனியைக் கடிக்க அது உதவியது. நீளம் மாறவில்லை. தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

1947. ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் வெர்மான்ட்டின் ஸ்டோ மலைக்கு முதன்முறை சறுக்கப் போனார். படுமோசமாக விழுந்தார். திரும்பும் வழியில் அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம்: தன்னைக் குறை சொல்லவில்லை, கட்டையைக் குறை சொன்னார். மரத்தில் யாராவது விமானம் செய்வார்களா இந்தக் காலத்தில்? அலுமினியத் தகடுகளை ஒட்டி ஸ்கீ செய்தார். முதலில் கொண்டுபோனவற்றையெல்லாம் மலையில் இருந்த பயிற்றுநர்கள் முறித்தார்கள். செய்வார், முறியும். மறுபடி செய்வார், மறுபடி முறியும். 1950-ல் நடுவில் ஒட்டுப்பலகையும் மேலும் கீழும் உலோகமும் ஓரத்தில் எஃகும் வைத்த ஜோடி சந்தைக்கு வந்தது. மரத்தைவிட லேசாகத் திரும்பும். அதற்கு மலையில் என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'ஏமாற்றுக் கட்டை.' அதை மாட்டிக்கொண்டால் சுமாராகச் சறுக்குபவனும் நன்றாகச் சறுக்குவான், அது அநியாயம் என்பது குற்றச்சாட்டு. பத்தே வருடத்தில், 1960 ஒலிம்பிக்கில், ஜான் வ்வார்னே உலோக ஸ்கீயில் இறங்கித் தங்கம் வென்றதும் அந்தப் பேச்சு அடங்கியது. பின்னாளில் இதே ஹெட்தான் டென்னிஸ் மட்டையின் முகத்தையும் பெரிதாக்கினார். தனக்கு டென்னிஸும் வரவில்லை என்பதற்காக.

அவர் பொருளை மாற்றினார். அளவை மாற்றியவர் கிளிஃப் டெய்லர். நியூ இங்கிலாந்துக்காரர். நான்கடி வாக்கில் குட்டைக் கட்டைகளைச் செய்துகொண்டு, புதிதாக வருகிறவர்களை அதில் ஏற்றிவிட்டார். நீளமான கட்டையில் வருடக்கணக்கில் கற்க வேண்டியதை, குட்டையில் ஒரே நாளில் செய்துவிடலாம் என்றார். காரணம் எளிது. திரும்புவதென்றால் கட்டையைச் சுழற்ற வேண்டும். நீளக் கம்பைச் சுழற்றுவது கஷ்டம், குட்டைக் கம்பைச் சுழற்றுவது சுலபம். சிலம்பம் கற்கப் போகிற சின்னப் பையனிடம் முதல் நாளே ஆளுயரக் கம்பைக் கொடுத்தால் அவன் தன் மண்டையைத்தான் அடித்துக்கொள்வான். 1960களின் நடுவில் வெர்மான்ட்டின் கில்லிங்டன் மலையில் இதைப் பாடத்திட்டமாகவே ஆக்கினார்கள். முதலில் ஒரு மீட்டரளவு கட்டை, பிறகு அதைவிடக் கொஞ்சம் நீளம், பிறகு இன்னும் கொஞ்சம். படிப்படியாக நீளம் கூட்டும் முறை. சுருக்கமாக ஜி.எல்.எம். வரலாற்றில் முதல்முறையாக நீளம் உடம்பை விட்டுவிட்டுத் திறமையைப் பார்த்தது. இன்று நமக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு நீளம்.

இதையும் சும்மா விடவில்லை. குட்டைக் கட்டைக்காரர்கள் கிட்டக்கிட்டத் திரும்புவதால் சரிவில் மேடுகள் நெருக்கமாக விழுகின்றன, நாங்கள் எங்கள் நீளக் கட்டையை எங்கே திருப்புவது என்று மூத்தவர்கள் புகார் சொன்னார்கள். பள்ளிகளுக்கும் சங்கடம், ஓர் ஆளுக்கு மூன்று ஜோடி வாங்கி வைக்க வேண்டும். கடைசியில் முறை மறைந்தது. 1980களில் கட்டை மறுபடி நீண்டது. சறுக்கத் தெரிந்த ஆண் என்றால் 200-க்கு மேல், 205 இருந்தால் கௌரவம். கார் கூரையில் கட்டியிருக்கும் கட்டையின் நீளத்தைப் பார்த்து ஆளை எடைபோட்ட காலம். என் ஆபீஸ் நண்பர்களின் அப்பாக்கள் அந்தக் காலத்து ஆட்கள். எனக்குள் ஏறிய பெருமிதம் எங்கிருந்து புறப்பட்டது என்பது இந்த இடத்தில்தான் புரிந்தது.

பெண்கள் நிலை இன்னும் மோசம். ஆண்களுக்கான கட்டையையே வேறு நிறம் பூசிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் ஜீனி தோரன் இதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெண்ணின் உடற்பாரம் மையங்கொள்ளும் இடம் வேறு, கவ்வியைச் சற்று முன்னால் நகர்த்துங்கள், கட்டையைக் குறையுங்கள் என்றார். 'எனக்கு வரவில்லை' என்று ஒதுங்கிய பல பெண்களுக்கு வராமல் போனது கட்டையால்தான் என்பது அவர் கட்சி. ஹெட் விழுந்தபோது கட்டையைக் குறை சொன்னார். இந்தப் பெண்கள் விழுந்தபோது தங்களைக் குறை சொல்லிக்கொண்டார்கள்.

நீளத்தின் கதையை ஒரேயடியாக முடித்தது சிலோவேனியாவின் பெகுன்யே என்ற சிற்றூரில் இருக்கும் இலான் தொழிற்சாலை. 1980களின் கடைசியில் அங்கே யூரி ஃப்ராங்கோ, பாவெல் ஷ்கோஃபிச் என்ற இரண்டு பொறியாளர்கள். 1984-ல் சரயேவோ ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவுக்கு வெள்ளி வாங்கித் தந்த யூரே ஃப்ராங்கோ வேறு ஆள், பெயர்க் குழப்பத்தில் நானும் ஒருநாள் முழுக்க மாட்டிக்கொண்டேன். இவர்கள் கையில் எடுத்தது நூர்ஹெய்மின் இடுப்பை. நூறு வருடமாக எல்லோரும் இடுப்பை 7 மி.மீ. வாக்கில்தான் உள்ளே வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் 7? அப்பா அப்படிச் செய்தார், அதனால்.

இடுப்பு ஆழமானால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். கட்டையைச் சாய்த்து அதன் விளிம்பில் நின்றால், அந்த விளிம்பு ஒரு வட்டத்தின் வில். நீளத்தின் வர்க்கத்தை, இடுப்பின் ஆழத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். பனியைத் தொடும் நீளம் 180 செ.மீ., ஆழம் 7 மி.மீ. என்றால் ஆரம் சுமார் 58 மீட்டர். அந்த வட்டம் ஒரு கால்பந்து மைதானத்துக்குள் அடங்காது. ஆகவே கட்டை தானாகத் திரும்பாது, ஆள்தான் உதைத்துத் தள்ளித் திருப்ப வேண்டும். அதைக் கற்க வருடங்கள் ஆகும். நீளத்தை 150 ஆக்கி, ஆழத்தை 20 மி.மீ. ஆக்கினால்? ஆரம் 14 மீட்டர். இப்போது சாய்ந்தால் போதும், கட்டையே வளைந்து கூட்டிக்கொண்டு போகும். வருடக்கணக்கான பயிற்சி என்று எல்லோரும் மதித்த விஷயத்தில் ஒரு பெரிய பங்கு வெறும் 13 மி.மீ. மரத்தில் இருந்தது. எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

அந்த வருடங்களில் நாடே உடைந்து 1991-ல் சிலோவேனியா தனி நாடானது. இலானின் புதிய ஸ்கீ 1993-ல் சந்தைக்கு வந்தது. சில வருடங்களுக்குள் மற்ற கம்பெனிகள் எல்லாம் பின்னால் வந்தன. போட்டியாளர்களும் வந்தார்கள். 1996-ல் போடி மில்லர் என்ற பதின்வயதுப் பையன் கே-2 கம்பெனியின் இடுப்பு ஒடுங்கிய ஸ்கீயில் அமெரிக்க இளையோர் போட்டியில் மற்றவர்களைத் துடைத்தெடுத்தான். இரண்டு மீட்டர் ஸ்லாலம் கட்டை 160 பக்கம் இறங்கியது. கடைசியில், நீளம் போதாது என்று ஏங்கிய உலகத்தில், இதற்குமேல் குறைக்காதே என்று சர்வதேச ஸ்கீக் கூட்டமைப்பு சட்டம் போட வேண்டியதாயிற்று. இன்று ஸ்லாலத்தில் ஆண்களுக்கு 165, பெண்களுக்கு 155 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

கூட்டமைப்புக்கு முழங்கால் கவலை. சட்டென்று கடித்துத் திரும்பும் கட்டை ஜவ்வைப் பதம் பார்க்கிறது என்று, 2012-ல் ஆண்களின் ராட்சத ஸ்லாலத்துக்கு ஆரம் 35 மீட்டர், நீளம் 195 செ.மீ. என்று திருப்பி நீட்டினார்கள். டெட் லிகெட்டி பகிரங்கமாகச் சண்டை போட்டார். பிறகு பருவத்தின் முதல் போட்டியில், சோல்டனில், அதே பிடிக்காத கட்டையில் 2.75 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். நூற்றில் ஒரு பங்கு வினாடியில் வெற்றி தீர்மானமாகும் விளையாட்டில் அது கிட்டத்தட்ட ஒரு யுகம். அடுத்த சில வருடத்தில் விதியே 30 மீட்டர், 193 செ.மீ. என்று மறுபடி தளர்ந்தது.

இனி அகலம். 1980களின் கடைசி வரை எல்லாக் கட்டையும் இடுப்பில் மூன்று விரற்கடைதான். ஆழமான தூள்பனியில் சறுக்குவது வெகு சிலருக்கே வாய்த்த வித்தை. ஆஸ்திரியாவின் அட்டாமிக் கம்பெனியில் ரூபர்ட் ஹூபர் என்பவர் ஒரு ஸ்னோபோர்டை நடுவில் நெடுக அறுத்து இரண்டு ஸ்கீயாக்கிப் பார்த்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அதிலிருந்து வந்த குண்டு ஸ்கீயைத் தூள்பனியில் தடுமாறும் வயதானவர்கள் முதலில் வாங்கினார்கள். கேலியும் கூடவே வந்தது. ஷேன் மெக்கான்கி இன்னும் ஒரு படி போனார். தூள்பனி திடப்பொருள் இல்லை, அது தண்ணீர் மாதிரி என்றார். அலாஸ்காவில் நீர்ச்சறுக்குக் கட்டைமேல் ஸ்கீக் கவ்வியைத் திருகிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிக் காட்டினார். 2002-ல் அந்த யோசனை வோலான்ட் கம்பெனியின் ஸ்பாட்டுலா என்ற ஸ்கீயாக வந்தது. கால் நிற்கும் இடத்தில் 125 மி.மீ. அகலம். இடுப்பே கிடையாது, வயிறு தள்ளிய உருவம், முனைகள் படகு போல மேல்நோக்கி. புரட்சி என்றார்கள். புரட்சிதான். ஆனால் டிகர்வார்டன் பனிக்குள் கிடந்த அந்த வேட்டைக்காரனின் கட்டை 170 மி.மீ.

ஆழ்பனியில் காப்பாற்றும் அகலம் இறுகிய பனியில் வேறு மாதிரி. கட்டை அகன்றிருந்தால் விளிம்பு காலின் நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போய்விடும். அதைச் சாய்த்துப் பிடிக்க முழங்கால் அதிகமாக முறுக்க வேண்டும். மட்டப்படுத்திய சரிவில் 70 மி.மீ. பக்கம் இருப்பது சட்டென்று ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறும். 100-க்கு மேல் போனால் தூள்பனிக்கு. எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டும் என்பவர்கள் 80-க்கும் 95-க்கும் நடுவில் எதையாவது எடுக்கிறார்கள். எந்தப் பனியில் உங்கள் நாட்களில் பெரும்பாலானவை கழியும் என்பதுதான் கேள்வி. தூள்பனியைப் பற்றி யூடியூபில் பார்த்துவிட்டு, மட்டச் சரிவில் 110-ஐ மாட்டிக்கொண்டு திண்டாடுபவர்கள் என் நண்பர்களிலேயே மூன்று பேர் உண்டு.

அண்ணை இதிலெல்லாம் சேர மாட்டார். அவருடையது காட்டுப்பாதையில் போகும் நெடுந்தூர ஸ்கீ, விரல் மூன்றும் மறைக்கும் அகலம்கூட இல்லாத ஒல்லிக் கட்டை. அங்கே உயரத்தைவிட எடைதான் ராஜா. கட்டை நடுவில் வில் போல எழும்பி இருக்கும். வழுக்கும்போது அந்த நடுப்பகுதி பனியைத் தொடக் கூடாது, உந்தும்போது தொட வேண்டும். அவர் ஒருநாள் தன் வீட்டு மரத்தரையில் எனக்குச் செய்து காட்டினார். இரண்டு கட்டையிலும் சமமாக நின்றுகொண்டு, அடியில் ஒரு தாளை நுழைத்து இழுக்கச் சொன்னார். தாள் வழுக்கி வந்தது. பிறகு ஒற்றைக் காலில் முழுப் பாரத்தையும் போட்டார். தாள் அசையவில்லை. "இப்ப நீர் ஏறும்" என்றார். எனக்கு ஒற்றைக் காலிலும் தாள் வழுக்கி வந்தது. "உமக்கு இது காணாது தம்பி, நல்லாச் சாப்பிட வேணும்."

அடுத்த டிசம்பரில் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். அதே பையன், என்னை ஞாபகமில்லை. படிவத்தில் 1. ஒருத்தன் தானாகவே 1-ல் டிக் அடித்ததில் அவனுக்குக் கொஞ்சம் ஆச்சரியம் போல, முகத்தைத் தூக்கிப் பார்த்தான். எடையைக் கேட்டான். 64 என்றேன். எந்தச் சரிவு என்றான். கையால் காட்டினேன், ஆறு வயசுப் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறும் இடம். உள்ளே போய் 152 கொண்டுவந்து நிறுத்தினான். தாடை வரைக்கும் வந்தது. கட்டையின் மேல் சின்ன எழுத்தில் நான்கு எண்கள்: முனை 118, இடுப்பு 72, வால் 102, ஆரம் 13 மீட்டர். அதைப் படித்துக்கொண்டே நின்றதில் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. ஒருத்தன் கையில் 184-ஓடு நின்றான், முகத்தில் நிற்கவே பழகாத களை. கவ்வியைத் திருகி முடித்த பையன் பூட்ஸை மாட்டி ஒரு முறை பக்கவாட்டில் தட்டிப் பார்த்தான். டக்கென்று கழன்றது.

"சரியா இருக்கா?" என்றான்.

இன்னொரு முறை தட்டச் சொன்னேன்.